கணக்கு எண், போன் நம்பர், வெப்சைட் எல்லாம் கொடுத்தும் ஆன்லைன் ஏல மோசடிக்காரன் ஏன் பிடிபடவில்லை?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். தவணை கட்டாததால் பறிமுதலான வண்டிகளை ஒரு வங்கி ஆன்லைனில் ஏலம் விடுவதாக விளம்பரம் பார்த்து, ஒரு குட்டியானைக்கு ஏலம் கேட்டேன். ஏலம் எனக்கு முடிந்துவிட்டதாக வங்கி முத்திரையோடு வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. முன்பணம் என்று 25,000 ரூபாயை யுபிஐ-யில் அனுப்பினேன். சந்தேகப்பட்டுக் கேட்டபோது நம்பிக்கைக்காக 5,000 ரூபாய் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ் என்று 67,000, என்ஓசி (தடையில்லாச் சான்று), டெலிவரி என்று 92,000 வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டார்கள். ஆறாம் நாள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொன்னேன். ஒரு கணக்கில் 31,400 ரூபாய் முடக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. நான்கு மாதமாகியும் 'விசாரணையில் உள்ளது' என்கிறார்கள். லோக்கல் ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர் மாதிரி இருக்கிறதே' என்றார்கள். கணக்கு எண், போன் நம்பர், வெப்சைட் முகவரி எல்லாம் கொடுத்துவிட்டேன். பிறகும் என்ன தடை? நான் இனி என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் புகாரில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பணத்தை மறிப்பது, இன்னொன்று ஆளைப் பிடிப்பது. பணம் வங்கிகளுக்கு இடையே மணிக்கணக்கில் தீர்ந்துபோகிற விஷயம். ஆள் விஷயம் நோட்டீஸ், பதில், வெளிமாநிலப் பயணம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். 31,400 முடங்கிக் கிடப்பது முதல் வேலையின் பலன். 'விசாரணையில் உள்ளது' என்பது இரண்டாவதன் நிலை. ஆள் பிடிபட்டால்தான் பணம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

1930-க்குச் சொன்னதும், நீங்கள் கொடுத்த பரிவர்த்தனை எண்ணோடு ஒரு 'டிக்கெட்', அதாவது புகார்ப் பதிவு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகிறது. கணக்கில் மிச்சம் இருந்தால் அந்த அளவுக்கு நிறுத்திவைப்பார்கள். இல்லையென்றால் பணம் அங்கிருந்து எந்தக் கணக்குக்குத் தாவியது என்று அந்த வங்கி பதிவிட, டிக்கெட்டும் அடுத்த வங்கிக்குத் தாவும். மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமான ஐ4சி 2021 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது. இந்த ஓட்டத்தில் மோசடிக்காரன் எப்போதும் சில தாவல் முன்னால் இருக்கிறான். 67,000 ரூபாய் முதல் கணக்கில் சில நிமிடங்கள்தான் தங்கும். அங்கே வேறு நாலு பேரின் பணத்தோடு கலந்து, துண்டு துண்டாகி, ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரியும். கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் புகாருக்கும் ஆறாம் நாள் வரும் புகாருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இத்தனை நாள் கழித்தும் 31,400 சிக்கியிருக்கிறதென்றால், வேறு யாரோ முந்திக் கொடுத்த புகாரால் அந்தக் கணக்கு ஏற்கெனவே முடங்கியிருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பணத்துக்கு உங்களைத் தவிர உரிமை கோருபவர் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

இனி, கணக்கு எண் தெரிந்தும் ஆள் ஏன் தெரியவில்லை என்பதற்கு வருகிறேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெரும்பாலும் ஏமாற்றியவர் இல்லை. இரண்டாயிரம், ஐயாயிரம் கமிஷனுக்குப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் ஒரு தரகரிடம் கொடுத்துவிட்ட கூலித்தொழிலாளியாகவோ கல்லூரி மாணவராகவோ இருப்பார். போலீஸ் வட்டாரத்தில் 'மியூல் அக்கவுண்ட்' என்பது இதைத்தான். கேஒய்சி ஆவணம் நிஜம், முகவரி நிஜம். ஆனால் அந்தக் கணக்கின் நெட்பேங்கிங் ஓடுகிற போன் வேறொரு மாநிலத்தில் இருக்கும். நீங்கள் பணம் போட்ட கரண்ட் அக்கவுண்ட் ஏதோ 'டிரேடர்ஸ்' பெயரில் இருந்திருந்தால், அந்த முகவரியில் ஒரு பூட்டிய கடையோ வெறும் பெயர்ப்பலகையோதான் இருக்கும். கணக்கைக் கொடுத்தவரும் குற்றத்துக்கு உடந்தைதான். அவரைப் பிடிப்பது லகு. அவரிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து போன் பேசியவனுக்கும் போவதுதான் கடினம். அவருக்கே தரகரின் டெலிகிராம் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. இதற்கிடையில் ஏழு ஆண்டு வரையிலான தண்டனைக் குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் 2014-ல் சொன்னதால், முதலில் பிஎன்எஸ்எஸ் எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)-ன்படி, விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ்தான் போகும். நோட்டீஸ் போன செய்தி தரகருக்கு அன்றைக்கே எட்டிவிடும். கைது கூடாது என்ற விதி சரியானதே. ஆனால் இந்த வகை வழக்கில் அதன் விலை இது.

போன் நம்பர் விஷயமும் அப்படித்தான். சிம் யாரோ ஒருவரின் ஆதாரில் வாங்கியது. வாட்ஸ்அப்பை ஒருமுறை ஓடிபி போட்டுத் திறந்துவிட்டால் பிறகு அந்த சிம் செருகியிருக்க வேண்டியதே இல்லை. அதனால் டவர் லொகேஷன் கிடைக்காது. மிஞ்சுவது, அந்தப் போன் இணையத்தில் இணைந்தபோது பதிவாகும் எண்ணான ஐபி முகவரி. இங்கேதான் நுணுக்கமான தவறுகள் நடக்கின்றன. வாட்ஸ்அப் நிறுவனம் போலீசுக்குக் கொடுப்பது கணக்கின் அடிப்படை விவரமும் ஐபி பதிவுகளும். உரையாடலைக் கொடுக்காது, அது அவர்களிடமே இல்லை. ஐபி பதிவின் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். 14.10 என்று இருந்தால் நம் நேரம் இரவு 7.40. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்து தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதினால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் வரும். இன்னொரு சிக்கல், மொபைல் நிறுவனங்கள் பழைய வகை ஐபி முகவரி ஒன்றை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. அதில் ஒருவரைப் பிரித்தெடுக்க முகவரியோடு 'போர்ட்' எண்ணும், நொடி வரை துல்லியமான நேரமும் வேண்டும். போர்ட் எண் இல்லாமல் வரும் பதிவு, ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய கடித உறை மாதிரி. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. மோசடிக்காரன் நிஜ முகவரியை மறைக்கும் விபிஎன் போட்டிருந்தால் இந்தப் பாதை அங்கேயே மூடிக்கொள்ளும். ஐபி-யை விடப் பணத்தின் தடத்தில்தான் இந்த வழக்குகள் அதிகம் துலங்குகின்றன என்பது என் கணிப்பு. எல்லாவற்றையும் மறைக்கிறவனும் கடைசியில் பணத்தை எங்கேயோ கையில் எடுத்தாக வேண்டுமே.

வெப்சைட்டுக்கு வருவோம். டொமைன் வெளிநாட்டுப் பதிவாளரிடம், தளம் இன்னொரு நாட்டு சர்வரில், நடுவே முகவரியை மறைக்கும் ஒரு சேவை என்பது வழக்கமான அமைப்பு. டொமைன் வாங்கியவர் பெயரை யாரும் பார்க்கும்படி முன்பு இருந்தது. 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலானபின் அது பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டது. பிஎன்எஸ்எஸ் 94-ன்படி நம் போலீஸ் அனுப்பும் நோட்டீசுக்கு வெளிநாட்டு நிறுவனம் கட்டுப்பட்டதல்ல. சிலர் மரியாதைக்குப் பதில் தருவார்கள், சிலர் தர மாட்டார்கள். தராவிட்டால் நீதிமன்றம் வழியாகக் கோரிக்கைக் கடிதம், இரு நாட்டு ஒப்பந்தம் என்று போக வேண்டும். மாதங்களில் தொடங்கி வருடங்களில் முடியும் வேலை அது; ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் வழக்குக்கு எந்த அதிகாரியும் அதைத் தொட மாட்டார். சைபர் குற்றத்துக்கான புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. உங்கள் வெப்சைட் டாட் இன் என்று முடிந்தால் மட்டும் நிலைமை வேறு. அந்தப் பதிவேடு நிக்ஸி என்ற இந்திய அமைப்பிடம் இருக்கிறது. அதை அதிகாரியிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆள் பற்றாக்குறையையும் சொல்லியாக வேண்டும். வழக்கில் ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டப் பிரிவு சேர்ந்தால், அந்தச் சட்டத்தின் 78-ம் பிரிவுப்படி இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கலாம். எஸ்ஐ எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் விசாரணை அதிகாரி ஆக முடியாது. வாகன விற்பனை மோசடிகளுக்குப் பெயர்போன மேவாத் பக்கம், அதாவது அரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார் வட்டாரத்துக்கு ஒரு குழு போக வேண்டுமானால் பயண அனுமதி, மொழி தெரிந்தவர், உள்ளூர் ஸ்டேஷன் ஒத்துழைப்பு, பிடித்தால் ஆளை இங்கே கொண்டுவர அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் டிரான்சிட் உத்தரவு எல்லாம் வேண்டும். தனி ஒரு புகாருக்காக இந்தச் செலவு நடக்காது. ஒரே கணக்கு எண்ணுக்கும் போன் நம்பருக்கும் வந்த பல புகார்கள் ஒன்றுசேர்ந்தால்தான் நடக்கும். அவற்றை மாநிலம் தாண்டிக் கோக்க ஐ4சி-யின் 'சமன்வயா' தளம் இருக்கிறது. உங்கள் புகாரில் ஒரு இலக்கம் தப்பாகப் பதிவாகியிருந்தால் அந்தக் கோப்பில் நீங்கள் சேரவே மாட்டீர்கள். யுபிஐ, ஐஎம்பிஎஸ் பரிவர்த்தனை எண் 12 இலக்கம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்து, புகார் நகலில் உள்ள எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இன்றே சரிபாருங்கள். பணம் போன பரிவர்த்தனைகள் மூன்றும் தனித்தனி வரியாக ஏறியிருக்க வேண்டும்.

'சிவில் மேட்டர்' என்று சொன்னதற்கு ஒரு அடிப்படை இருக்கிறது. உங்கள் விஷயத்தில்தான் அது பொருந்தாது. ஏலத்தில் பொருள் தாமதமாவதும், சொன்ன தரத்தில் இல்லாததும், பணம் திரும்பத் தாமதமாவதும் ஒப்பந்த மீறலாகவே முடியக்கூடும். மோசடி என்றால், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உச்சநீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதையே சொல்கிறது. நிஜமான ஏலத் தளத்தில் விற்பவனே வேறு பெயர்களில் விலையேற்றிவிடும் வழக்குகளில் இதை நிரூபிப்பது பெரும்பாடு. உங்கள் வழக்கில் அத்தனை சிரமமில்லை, ஏனெனில் ஏலமே பொய். அதை எழுத்தில் கொண்டுவர இரண்டு வேலை செய்யுங்கள். இரண்டையும் போலீஸ் செய்யக் காத்திருந்தால் தள்ளிக்கொண்டே போகும்.

முதலாவது, யாருடைய பெயரைப் பயன்படுத்தினார்களோ அந்த வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு, உங்களுக்கு வந்த ஏலக் கடிதத்தை இணைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தேதியில் இந்த வண்டிக்கு ஏலம் அறிவித்தீர்களா? கையெழுத்திட்டிருக்கும் அதிகாரி உங்கள் ஊழியரா? பணம் போன கணக்குகள் வங்கியுடையவையா? 'இல்லை' என்று வரும் ஒரு வரிப் பதில், சிவில் என்ற பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கும். போலி ஆவணம் என்பதற்கும் அதுவே முதல் சாட்சி. இரண்டாவது, அவர்கள் அனுப்பிய ஆர்சி-யில் உள்ள வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். அநேகமாக எண் நிஜமாகவே இருக்கும். பழைய வண்டி விற்கும் தளத்தில் யாரோ போட்ட படத்திலிருந்து எடுத்திருப்பார்கள். ஆர்டிஓ எந்த ஊர், வண்டி வகை என்ன, கடன் பதிவு எந்த நிறுவனத்தின் பெயரில் என்று குறித்துக் கொடுங்கள். அந்த உரிமையாளரைத் தேடிப் போய்ச் சண்டை போடாதீர்கள். அவர் உங்கள் தரப்புச் சாட்சி.

நிஜ வங்கி ஏலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் புகார் எழுதும்போது வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டலாம். ஏலப் பொருளை நேரில் பார்க்க இடமும் நாளும் குறிப்பிடுவார்கள். முன்பணம் வங்கியின் பெயரிலோ ஏலத் தளத்தின் பெயரிலோ உள்ள கணக்குக்குப் போகும், தனிநபர் யுபிஐ-க்குப் போகாது. ஏலம் கிடைக்காவிட்டால் அது திரும்பும். வங்கிகள் கைப்பற்றிய சொத்துகளுக்கு பேங்க்நெட் தளம், அரசுத் துறைப் பொருள்களுக்கு மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி தளம் என்று நிலையான இடங்கள் உண்டு.

ஆதாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல வழக்குகள் கோர்ட்டில் இங்கேதான் படுக்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டில் பலர் செய்யும் தவறு, சேமித்துவைத்த பெயரோடு எடுப்பது. மேலே 'ஏல ஆபீசர்' என்று இருக்கும், நம்பர் இருக்காது. அந்தத் தொடர்பின் விவரப் பக்கத்தைத் திறந்து நம்பர் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். சாட்டை மேலிருந்து கீழ்வரை ஓடவிட்டு ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்யுங்கள். 'எக்ஸ்போர்ட் சாட்' வழியாகப் படங்களோடு கோப்பாகவும் எடுத்துவையுங்கள். இவற்றைப் போலீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படங்கள் சுருங்கி, அவற்றில் பதிந்த நேர விவரங்களும் போய்விடும். பென் டிரைவில் கொடுங்கள். மெயில் வந்திருந்தால் அச்சிட்ட நகல் போதாது; ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தி முழுத் தலைப்பு விவரத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.

மின்னணு ஆதாரத்தின் நகலுக்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4). அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் 2020-ல் இது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. புதிய படிவத்தில் இரண்டு பகுதி. 'ஏ' பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும்: எந்தப் போன், மாடல், ஐஎம்இஐ, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அதன் ஹேஷ் மதிப்பு எல்லாம் வரும். 'பி' பகுதி நிபுணர் கையெழுத்துக்கு. விசாரணை அதிகாரி கேட்கும்வரை காத்திராமல் 'ஏ' பகுதியை நிரப்பித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் முடிந்துவிட்டதால் ஒரு கெடு உங்களை நெருங்குகிறது. சர்வர், இணையச் சேவை நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. அதற்குமேல் வைத்திருக்கக் கட்டாயமில்லை. ஏடிஎம் கேமரா பதிவு அதைவிடச் சீக்கிரமே அழியலாம். தொலைபேசி நிறுவனங்களின் பதிவு மட்டும் இரண்டு ஆண்டு இருக்கும். எனவே விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் ஒரே பக்க மனு கொடுங்கள்: இந்த வாட்ஸ்அப் எண், இந்த வெப்சைட், இந்தக் கணக்குகள் குறித்த பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கும்படி நிறுவனங்களுக்குக் கோரிக்கை அனுப்பப்பட்டதா, இல்லையென்றால் உடனே அனுப்ப வேண்டும் என்று. வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா, போலீஸ் கேட்டால் முறையான உத்தரவு வரும்வரை 90 நாளுக்குப் பதிவைப் பாதுகாத்துவைக்கும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எஃப்ஐஆரா, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சிஎஸ்ஆர் ரசீதா, போர்ட்டல் புகார் எண் மட்டுமா என்று பாருங்கள். எஃப்ஐஆர் இல்லையென்றால் வழக்கே இல்லை. எந்த ஸ்டேஷன் எல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. மின்னணுத் தகவல் மூலம் ஏமாற்றினால், தகவல் அனுப்பிய இடம், பெற்ற இடம் இரண்டிலும் விசாரிக்கலாம் என்கிறது பிஎன்எஸ்எஸ் 202. பதிய மறுத்தால் 173(4)-ன்படி எஸ்பி-க்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அங்கும் நகராவிட்டால் 175(3)-ன்படி பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. பொருந்தும் பிரிவுகள், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 318(4), 319(2), போலிக் கடிதத்துக்கான பிரிவுகள், ஐடி சட்டம் 66டி. எஃப்ஐஆர் இருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது பிஎன்எஸ்எஸ் 193(3)-ன்படி போலீசின் கடமை. 'விசாரணையில் உள்ளது' என்ற இரண்டு சொல்லைப் பதிலாக ஏற்றுக்கொள்ளாமல், எந்தெந்த வங்கியிலிருந்து ஸ்டேட்மென்ட் வந்தது, எது வரவில்லை என்று கேளுங்கள். குரலை உயர்த்தாமல் கேட்டாலே நடக்கும். அந்த அதிகாரியின் மேசையில் உங்களைப் போல நூறு கோப்பு இருக்கும்.

முடங்கிய 31,400-க்கு எஃப்ஐஆர் பதிவான எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிஎன்எஸ்எஸ் 503-ன் கீழ் மனுப் போடுவது வழக்கமான வழி. உங்கள் ஸ்டேட்மென்ட், எஃப்ஐஆர் நகல், பணம் உங்கள் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குப் போன அடுக்குகளைக் காட்டும் போலீஸ் அறிக்கை, அடையாளச் சான்று ஆகியவை வேண்டும். பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் திருப்பித் தருவேன் என்று உறுதிப்பத்திரம் கேட்கலாம். போலீஸ் அறிக்கையில் அடுக்கு விவரம் தெளிவாக இல்லாததால்தான் இத்தகைய மனுக்கள் அதிகம் திரும்புகின்றன. அதனால் அறிக்கையை வாங்கியபின் மனுப் போடுங்கள். மற்ற பாதிக்கப்பட்டவர்களும் அதே பணத்தைக் கேட்டால் முழுத்தொகை வராது. மீதிப் பணத்தை உங்கள் வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, உங்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கானது. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது அதில் வராது.

திரும்ப வந்த 5,000-ஐச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் வேறொரு பாதிக்கப்பட்டவரின் பணம். அவர் புகாரின் டிக்கெட் தாவித் தாவி உங்கள் கணக்குக்கும் வரும், ஒருநாள் காலையில் உங்கள் வியாபாரக் கணக்கு முடங்கி நிற்கும். அந்த வரவின் பரிவர்த்தனை எண்ணைப் புகாரின் கூடுதல் வாக்குமூலமாக இப்போதே சேருங்கள். அந்த 5,000-ஐத் தனியே எடுத்துவையுங்கள். யார் கேட்டாலும் நேரடியாக அனுப்பாதீர்கள், போலீஸ் எழுத்தில் சொல்லும் வழியில் மட்டும் திருப்புங்கள். கணக்கு முடங்கினால் எந்த மாநில, எந்த ஸ்டேஷன் புகார் எண் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி, உங்கள் எஃப்ஐஆர் நகலோடு அந்த ஸ்டேஷனுக்கு மெயில் செய்யுங்கள். முழுக் கணக்கையும் பூட்டாமல் 5,000-க்கு மட்டும் நிறுத்தம் வைக்கும்படி கேளுங்கள்.

இந்த நான்கு மாதத்தில் இன்னும் வராவிட்டாலும் இனி ஒரு அழைப்பு வரக்கூடும்: 'சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, விடுவிப்புக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று. ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது. முடங்கிய பணத்தை விடுவிக்கப் போலீசோ வங்கியோ ரிசர்வ் வங்கியோ யுபிஐ-யில் கட்டணம் கேட்பதில்லை. அப்படி அழைப்பு வந்தால் அந்த நம்பரையும் அதே எஃப்ஐஆர் எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்குக் கொடுங்கள். பழைய நம்பர் அணைந்து கிடக்கும்போது அந்தப் புதிய நம்பர் இயங்கிக்கொண்டிருக்கும்.